புரோகிபிற்றின் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போய் வருபவர்கள், காத்திருக்கும் நேரத்தில் கைபேசியில் எதையெதையோ தேடிப் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தேடலில் "புற்றுநோயை அடக்கும் புரதம்" என்று ஒரு வரி வந்துவிட்டால் மனம் அதையே பிடித்துக்கொள்கிறது. புரோகிபிற்றின் அப்படி அகப்படும் பெயர்களில் ஒன்று. அதைக் கூட்டுவதற்கு என்ன சாப்பிடலாம் என்று உயிரியல் படிப்பிக்கிற என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர முடியாத கேள்வி அது. இந்தப் புரதம் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் எந்தப் பதிலும் பாதிதான் சரியாக இருக்கும். எந்தக் கலத்தில், அந்தக் கலத்துக்குள் எந்த இடத்தில் அது நிற்கிறது என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும்.

இதன் வரலாறு எலியின் ஈரலில் தொடங்குகிறது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மிஞ்சியது மளமளவென்று வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும். அப்படியென்றால் வெட்டாத ஈரலில் கலங்கள் பிரியாமல் அடங்கி இருப்பதற்கு ஏதோ ஒன்று காரணமாக இருக்க வேண்டும். அதைத் தேடிய ஆய்வாளர்கள், சாதாரண ஈரலில் கூடுதலாகவும் வளர்கிற ஈரலில் குறைவாகவும் காணப்படும் தூதுவர் ஆர்என்ஏக்களை, அதாவது புரதம் செய்வதற்கான கட்டளையைக் கொண்டுபோகும் மூலக்கூறுகளைப் பார்த்தார்கள். 1989 இல் மக்ளங் என்பவரும் அவருடைய சகாக்களும் அப்படி ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கலத்துக்குள் செலுத்தியபோது கலம் டிஎன்ஏயைப் பிரதி செய்வதை நிறுத்திக்கொண்டது. வளர்ச்சியைத் தடுப்பதால் புரோகிபிற்றின் என்று பெயர் வைத்தார்கள்.

மனிதரில் இதன் பரம்பரையலகு 17 ஆம் நிறமூர்த்தத்தில், 17கியூ21 என்ற பகுதியில் இருப்பது தெரியவந்ததும் பரபரப்பு கூடியது. மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வரும் குடும்பங்களில் கோளாறு அந்தப் பகுதியில் எங்கேயோதான் இருக்கிறது என்று அப்போது பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். 1992 இல் யப்பானியக் குழு ஒன்று சில மார்பகக் கட்டிகளில் புரோகிபிற்றின் பரம்பரையலகு மாறியிருப்பதைக் கண்டது. தேடியது கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் 1994 இல் அதே பகுதியில் பிஆர்சிஏ-1 என்ற இன்னொரு பரம்பரையலகு அகப்பட்டது. குடும்ப வழியாக வரும் நோய்க்குக் காரணம் அதுதான் என்று உறுதியானது.

அதைவிடப் பெரிய திருப்பம் 1990களின் நடுவில் வந்தது. கலப்பிரிவை நிறுத்தும் வேலையைச் செய்தது புரதமே இல்லை என்று தெரிந்தது. தூதுவர் ஆர்என்ஏயின் கடைசியில், புரதமாக ஆக்கப்படாமல் விடப்படும் ஒரு வால் இருக்கிறது. அந்த வால்தான் கலத்தை நிறுத்தியது. ஆக, முதலில் எல்லோரும் பார்த்த விளைவு ஆர்என்ஏயினுடையது. பெயரும் புகழும் போய்ச் சேர்ந்தது புரதத்துக்கு. இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் "கலப்பிரிவைத் தடுக்கும் புரதம்" என்ற ஒருவரி விளக்கம் இந்தத் திருப்பத்துக்கு முந்தியது. முப்பது வருடத்துக்குப் பிறகும் அது அப்படியே பிரதி செய்யப்படுவதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. அதை நம்பி முடிவெடுக்கப்போகிறவர் ஒரு நோயாளியாக இருக்கலாம்.

சரி, அப்படியானால் புரதம் என்னதான் செய்கிறது?

மனிதக் கலத்தில் புரோகிபிற்றின்கள் இரண்டு. முதலாவதில் 272 அமினோவமிலங்கள், இரண்டாவதில் 299. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதும் நிலைக்காமல் சிதைந்துவிடும். அவ்வளவு நெருங்கிய சோடி. இவற்றில் பெரும்பகுதி இருக்கும் இடம், கலத்துக்குச் சக்தி உண்டாக்கும் இழைமணி. உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இழைமணியின் படம் மனப்பாடம்: வழவழப்பான வெளிமென்சவ்வு, உள்ளே மடிப்பு மடிப்பாக உள்மென்சவ்வு. அந்த உள்மென்சவ்வில்தான் புரோகிபிற்றின் ஒன்றும் இரண்டும் மாறி மாறி நின்று வட்டமாகக் கோத்துக்கொள்கின்றன. பூவரசங் கதியாலும் கிளுவங் கதியாலும் மாறி மாறி ஊன்றி ஒரு வளவை அடைத்த வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 20 நானோமீற்றர். சாதாரண நுணுக்குக்காட்டியில் அதைப் பார்க்கவே முடியாது. இழைமணியைக் குளிரில் உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பல கோணங்களில் படமெடுத்து, 2025 இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதக் கலத்தில் அந்தத் தொகுதி மணி வடிவத்தில் இருப்பதைக் காட்டியது. ஒரு மடிப்பில் சராசரியாக 43 தொகுதிகள் இருந்தன. மென்சவ்வுப் பரப்பில் அவை பிடிக்கும் இடம் 1 முதல் 3 சதவீதம்தான்.

இவ்வளவு சின்ன இடத்தில் நின்றுகொண்டு அது பார்க்கும் வேலைகள் பல. இழைமணிக்குச் சொந்தமாக டிஎன்ஏ இருக்கிறது. மனிதரில் அது 13 புரதங்களை ஆக்குகிறது. எல்லாமே சக்தி உற்பத்திச் சங்கிலிக்கு வேண்டிய துண்டுகள். மற்றத் துண்டுகள் கலத்தின் கருவிலுள்ள டிஎன்ஏயின் சொற்படி வெளியே செய்யப்பட்டு உள்ளே வருகின்றன. இரண்டு பக்கத்துத் துண்டுகளும் பொருந்தும் வரைக்கும், புதிதாகப் பிறந்த துண்டு குலைந்துபோகாமல் இருக்க வேண்டும். மதுவத்தில் செய்த ஆய்வுகள் 2000 ஆம் ஆண்டில் காட்டியது இதைத்தான்: புரோகிபிற்றின் தொகுதி அந்தப் புதுத் துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அதோடு, சேராமல் தனித்துப்போன புரதங்களை வெட்டி அழிக்கும் ஒரு நொதியமும் இதே தொகுதியோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்று 1999 இல் ஜெர்மனியில் தோமஸ் லாங்கரும் சகாக்களும் கண்டிருந்தார்கள். புரோகிபிற்றின் இல்லாவிட்டால் அந்த நொதியம் அவசரப்பட்டு வெட்டத் தொடங்குகிறது.

அடுத்த வேலை மடிப்புகளைக் காப்பது. இதை விளங்கிக்கொள்ள லாங்கரின் குழு 2008 இல் செய்த பரிசோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எலியின் கலங்களிலிருந்து புரோகிபிற்றின்-2 ஐ நீக்கினார்கள். இழைமணிகள் துண்டு துண்டாகின. உள்ளே இருந்த மடிப்புகள் குலைந்துபோயின. சாவதற்கான சமிக்ஞை சிறிதாக வந்தால் போதும், கலம் செத்தது. அதோடு கலங்கள் பிரிந்து பெருகுவது மந்தமானது. தடுக்கிறது என்று சொல்லப்பட்ட புரதத்தை எடுத்தால் கலம் கட்டற்று வளர வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு.

ஏன் இப்படி ஆனது என்று தேடியபோது ஓபிஏ-1 என்ற இன்னொரு புரதத்தில் வந்து நின்றார்கள். இழைமணிகளை ஒன்றோடொன்று இணைப்பதும் மடிப்பைப் பிடித்து வைப்பதும் அதன் பொறுப்பு. அது நீளமாகவும் இருக்கும், வெட்டுப்பட்டுக் குட்டையாகவும் இருக்கும். இரண்டும் சரியான விகிதத்தில் வேண்டும். புரோகிபிற்றின் போனதும் நீளமானது எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிற்று. பிறகு வெட்ட முடியாதபடி மாற்றிய நீள ஓபிஏ-1 ஐ அதே கலங்களுக்குக் கொடுத்தார்கள். மடிப்புகள் திரும்பி வந்தன, கலங்கள் திரும்பவும் பெருகின. புரோகிபிற்றின் இன்னும் இல்லை. ஆனாலும் கலம் எழும்பிவிட்டது. அதன் முக்கிய வேலை எது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய பரிசோதனை வேறொன்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். ஒன்றை எடுத்துப் பார்ப்பது பாதி வேலை, எது கொடுத்தால் திரும்பி வருகிறது என்று பார்ப்பது மீதி என்று அவர்களுக்கு அங்கேதான் விளங்குகிறது.

மதுவம் புரோகிபிற்றின் இல்லாமலும் வாழும். ஆனால் ஒரு தாய்க்கலம் பிரியக்கூடிய தடவைகள் குறைந்துவிடும். எலியில் அந்தச் சலுகையும் இல்லை. பரம்பரையலகை முழுதாக நீக்கினால் முளையம் ஆரம்பத்திலேயே இறந்துபோகும்.

சீ. எலிகன்ஸ் என்ற சின்னப் புழுவில் கிடைத்த முடிவு இன்னும் விசித்திரம். கிரேக்கத்தின் கிரீட் தீவில் தவெர்னராகிஸ் குழு 2009 இல் வெளியிட்டது. சாதாரணப் புழுவில் புரோகிபிற்றினைக் குறைத்தால் ஆயுள் குறைகிறது. இன்சுலின் போன்ற சமிக்ஞையைக் கேட்கும் வாங்கி பழுதான புழுவில் குறைத்தால் ஆயுள் கூடுகிறது. ஒரே புரதம், ஒரே குறைப்பு. புழுவின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது. கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் புழுவைப் பற்றித்தான்.

பழுதான இழைமணியை அப்புறப்படுத்தும்போதும் புரோகிபிற்றின்-2 வேண்டியிருக்கிறது. டலஸில் பெத் லெவினின் ஆய்வுகூடம் 2017 இல் கண்டது: பழுதான இழைமணியின் வெளிமென்சவ்வு கிழிந்ததும், அதுவரை உள்ளே மறைந்திருந்த புரோகிபிற்றின்-2 வெளியே தெரிகிறது, குப்பையைச் சுற்றி மூடும் பையிலுள்ள எல்சி-3 என்ற புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. புழு முளையத்தில் தந்தையின் விந்தோடு வந்த இழைமணிகளை அழிப்பதற்கும் இதுவே தேவைப்பட்டது. இழைமணி டிஎன்ஏ தாய் வழியாக மட்டும் வருவதைப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இப்படி ஒரு துப்புரவு வேலை நடக்கிறது.

இதுவரை சொன்னது இழைமணிக்குள். புரோகிபிற்றின் வெளியிலும் நிற்கிறது. புற்றுநோய் விஷயத்தில் குழப்பம் வருவதெல்லாம் அங்கேதான்.

ஓரிடம் கலத்தின் கரு. 1999 இல் கற்செனலன்போகன் என்பவரின் குழு ஈஸ்திரஜன் வாங்கியோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையை அடக்கும் ஒரு புரதத்தைக் கண்டது. அது புரோகிபிற்றின்-2 தான். மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்திரஜனைக் கேட்டு வளர்பவை. ஈஸ்திரஜன் வாங்கியைத் தடுக்கும் தமொக்சிபென் என்ற மருந்தைக் கொடுப்பதும் அதனால்தான். அப்படியென்றால் கருவுக்குள் புரோகிபிற்றின்-2 இருக்கும்வரை வளர்ச்சிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆனால் பல மார்பகப் புற்றுக்கலங்களில் பிக்-3 என்ற இன்னொரு புரதம் மிகுதியாக இருந்து, புரோகிபிற்றின்-2 ஐக் கருவுக்கு வெளியே பிடித்து வைத்துக்கொள்கிறது. யப்பானின் தொகுஷிமா பல்கலைக்கழகத்தில் கதாகிரியின் குழு இந்தப் பிடியை விடுவிக்கும் ஒரு சிறு பெப்ரைட்டை (சில அமினோவமிலங்கள் கோத்த துண்டை) செய்தது. அது பிக்-3 இன் இடத்தைப் பிடித்துப் புரோகிபிற்றின்-2 இல் போய் ஒட்டியதும் புரோகிபிற்றின்-2 விடுபட்டுக் கருவுக்குள் போய் ஈஸ்திரஜன் வாங்கியை அடக்கியது. தமொக்சிபெனுக்கு மசியாத கலங்களில் இதைச் செய்து காட்டியது 2013 இல். கவனியுங்கள், அந்தக் கலங்களில் புரோகிபிற்றினுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இருந்த இடம்தான் கோளாறு.

இன்னோரிடம் கலத்தைச் சுற்றியுள்ள கலமென்சவ்வு. அங்கே அது வளர்ச்சிக்குத் துணை போகிறது. ராஸ் என்ற புரதம் ராப்-1 ஐத் தட்டியெழுப்ப, அது மேலும் இரண்டு புரதங்களை எழுப்ப, கடைசியில் "பிரி, வளர், நகர்" என்ற கட்டளை கருவைச் சென்றடையும். பல புற்றுநோய்களில் இந்தச் சங்கிலி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கிருஷ்ணராஜ் ராஜலிங்கமும் சகாக்களும் 2005 இல் வெளியிட்ட கட்டுரை, ராஸ் ராப்-1 ஐ எழுப்புவதற்குப் புரோகிபிற்றின்-1 கட்டாயம் வேண்டும் என்று காட்டியது. அது இல்லாவிட்டால் சங்கிலி முதற்படியிலேயே நின்றுவிடுகிறது.

ஆக, கருவில் நிற்பது அடக்குகிறது, கலமென்சவ்வில் நிற்பது தூண்டுகிறது. ஈரலில் வேறு மாதிரி: எலியின் ஈரலில் மட்டும் புரோகிபிற்றின்-1 ஐ நீக்கியபோது ஈரல் சேதமடைந்து, தழும்பேறி, கடைசியில் புற்றுநோயும் வந்தது என்று 2010 இல் வெளியானது. மறுபக்கம், மனிதரின் பல கட்டிகளில் புரோகிபிற்றின் வழமையைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இரண்டு முடிவும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வேறு வேறு கலத்தில், வேறு வேறு இடத்தில் நடந்ததைச் சொல்கின்றன.

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதும்போது தொற்றுநோய்களை விட்டுவிட்டுப் போக முடியாது. அதிலும் முதலில் நெருப்புக் காய்ச்சல் (தைபொயிட்). குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீர். அதே வளவுக்குள் மலக்குழியும் இருக்கும். கல்லில் வெடிப்பு இருந்தால் ஒன்றின் நீர் மற்றதற்குப் போகத் தூரம் அதிகம் இல்லை. இலங்கையில் நெருப்புக் காய்ச்சல் நெடுங்காலமாக அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணம் ஒன்றாக இருந்து வருகிறது.

இந்த நோயில் ஒரு புதிர் உண்டு. இதே இனத்தைச் சேர்ந்த மற்றச் சல்மொனெல்லாக்கள் குடலுக்குள் போனால் ஓரிரு நாளிலேயே வயிற்றோட்டம், வயிற்றுக்குத்து என்று குடல் கொதித்தெழும்பும். நெருப்புக் காய்ச்சல் தரும் சல்மொனெல்லா தைபி அப்படி ஆரவாரம் செய்யாது. சத்தமில்லாமல் குடற்சுவரைக் கடந்து இரத்தத்துக்குப் போய்விடும். காய்ச்சல் வரும்போது ஒரு கிழமை, இரண்டு கிழமை ஆகியிருக்கும். குடல் ஏன் முதலிலேயே எச்சரிக்கவில்லை? இந்தப் பற்றீரியாவின் மேலே வீஐ என்ற பல்சக்கரைட்டால் ஆன ஓர் உறை இருக்கிறது. புதுதில்லியின் தேசிய நிர்ப்பீடனவியல் நிறுவனத்தில் அயூப் காத்ரியின் குழு 2004 இல் காட்டியது, அந்த உறைச் சீனி குடற்கலத்தின் மென்சவ்விலுள்ள புரோகிபிற்றின்களில் போய் ஒட்டுகிறது என்பதை. ஒட்டியதும் கலம் அழற்சியைக் கூட்டும் ஐஎல்-8 என்ற சமிக்ஞையை விடுவது குறைகிறது. மேலே சொன்ன வளர்ச்சிச் சங்கிலியின் கடைசிக் கண்ணியும் அடங்குகிறது. புற்றுநோய்ப் பகுதியில் கண்ட அதே புரதம், அதே சங்கிலி. இங்கே அதைக் கையாள்வது ஒரு பற்றீரியா.

அந்த வீஐ சீனியையே பிரித்தெடுத்துத் தடுப்பூசியாகவும் போடுகிறார்கள். உடம்பு அதை முன்கூட்டியே அடையாளம் கண்டு பிறபொருளெதிரி செய்து வைத்திருந்தால், பற்றீரியா குடற்கலத்தைத் தொடுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும். ஆனால் ஊசி இருக்கிறது என்பதற்காகக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊசியின் பாதுகாப்பு முழுமையானதும் இல்லை, நிரந்தரமானதும் இல்லை.

டெங்கு விஷயத்தில் புரோகிபிற்றின் வருவது நுளம்பின் பக்கத்தில். மாரி மழை விட்டதும் மார்கழி, தை மாதங்களில் இங்கே வாட்டுகள் நிரம்பும். தாய்லாந்தின் மகிதோல் பல்கலைக்கழகத்தில் டங்கன் ஸ்மித்தின் குழு, டெங்கு வைரசின் இரண்டாம் வகை ஈடிஸ் நுளம்பின் கலங்களில் எதைப் பிடித்து ஏறுகிறது என்று தேடியது. அகப்பட்டது புரோகிபிற்றின். நுளம்புக் கலங்களில் அதன் உற்பத்தியைக் குறைத்தபோது தொற்றும் குறைந்தது. 2010 இல் வெளியான இந்த முடிவு ஆய்வுகூடத்தில் வளர்த்த நுளம்புக் கலங்களைப் பற்றியது. மனித உடம்பில் டெங்கு நுழைவதைப் பற்றியது இல்லை. இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள், அதனால்தான் பிரித்துச் சொல்கிறேன். அதே குழு 2012 இல் சிக்குன்குன்யா வைரஸ் மூளையின் நுண்கிளியாக் கலங்களைப் பிடித்துக்கொள்ளப் புரோகிபிற்றின் உதவுவதைக் கண்டது. இது மனிதக் கலம். 2006 இறுதியில் அந்தக் காய்ச்சல் இலங்கையில் பரவியபோது யாழ்ப்பாணமும் தப்பவில்லை. மாதக்கணக்காகக் கணுக்கால் மணிக்கட்டு நோவோடு நடந்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

நீரிழிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊரில் பாதி வீட்டைச் சொல்லாமல் விட்டது போலாகும். இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலம் இரத்தத்தில் சீனி ஏறியதைத் தெரிந்துகொள்வதே இழைமணி மூலம்தான். குளுக்கோசு எரிந்து, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடீபி கூடினால்தான் இன்சுலின் வெளியே வரும். ஜெனீவாவில் மெக்லரின் குழு எலிகளின் பீற்றாக் கலங்களில் மட்டும் புரோகிபிற்றின்-2 ஐ நீக்கிப் பார்த்தது. முதலில் இன்சுலின் சுரப்பது தளர்ந்தது, பிறகு கலங்களே செத்தன, எலிகளுக்குப் படிப்படியாக நீரிழிவு வந்தது. வெளியானது 2013 இல். நீரிழிவை உணவும் கொழுப்பும் மட்டும் தீர்மானிப்பதாக நினைப்பவர்கள், பீற்றாக் கலத்துக்குள் மடிப்புக் குலைவதும் அதே நோயில் கொண்டுபோய் விடும் என்பதை இந்த எலிகளில் காணலாம். மனிதரில் வரும் வழமையான நீரிழிவுக்கு இதுதான் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது.

கொழுப்பில் வேறு ஒரு கதை. வெண்கொழுப்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் புரோகிபிற்றின் வெளியே தெரியும்படி இருக்கிறது. ரெக்ஸாசில் பஸ்குவலினி, அராப், கொலோனின் ஆகியோர் அதைத் தேடிப்போய் ஒட்டும் ஒரு பெப்ரைட்டோடு கலத்தைக் கொல்லும் துண்டொன்றைச் சேர்த்துக் கொழுத்த எலிகளுக்குப் போட்டார்கள். இரத்தக்குழாய் செத்தது, கொழுப்பு பட்டினி கிடந்து கரைந்தது, நாலு கிழமையில் எலிகள் ஏறக்குறைய 30 சதவீத எடை குறைந்தன. இது 2004. 2011 இல் கொழுத்த றீசஸ் குரங்குகளிலும் எடை குறைந்தது, இன்சுலினுக்கு உடம்பு கேட்கும் தன்மையும் கூடியது. ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. மருந்தை நிறுத்தியதும் திரும்பியது என்றாலும், மருந்தளவு கூடக் கூடப் பாதிப்பும் கூடியது. சீனி வருத்தத்தால் ஏற்கெனவே சிறுநீரகம் நொந்துபோனவர்கள் நிறைந்த ஊரில் இருந்து பார்க்கும்போது இது சின்னக் குறையாகத் தெரியவில்லை.

கனடாவின் மனிற்றோபாவில் சுரேஷ் மிஸ்ராவின் குழு எதிர்ப்பக்கத்தால் போனது: கொழுப்புக் கலங்களுக்குள் புரோகிபிற்றினைக் கூட்டியது. கொழுப்புக் கலங்களில் இழைமணிகள் பெருகின, எலிகள் பருத்தன. ஆணும் பெண்ணும் பருத்தன, ஆனால் இன்சுலினுக்கு மசியாமல் போனது ஆண் எலிகள் மட்டும். 2014 இல் வந்த இந்த முடிவு, ஆண், பெண் என்ற வேறுபாடும் கணக்கில் வருகிறது என்று சொல்கிறது.

மூளை, இதயம் இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எலியின் முன்மூளை நரம்புக் கலங்களில் புரோகிபிற்றின்-2 ஐ நீக்கினால் இழைமணி மடிப்புகள் குலைந்து, அல்சைமர் நோயில் காணும் தோ புரதத்தில் பொசுபேற்று அளவுக்கு மிஞ்சி ஏறி, நரம்புகள் அழிகின்றன. இதயத்தில், கார்டியோலிப்பின் என்ற இலிப்பிட்டு உள்மென்சவ்வுக்கு மிக முக்கியம். அதைச் சீராக வைத்திருப்பதில் புரோகிபிற்றினோடு டிஎன்ஏஜேசி-19 என்ற புரதம் கூட நிற்கிறது. அந்தப் பரம்பரையலகு பழுதான குழந்தைகளுக்கு இதயம் பலவீனமாகி விரியும், நடையும் தள்ளாடும். கனடாவின் ஹற்றரைற் சமூகத்தில் முதலில் அடையாளம் காணப்பட்ட நோய் இது.

மருந்துகளுக்கு வருவோம். அக்லையா என்ற மரச் சாதியில் கிடைக்கும் ரொக்கக்ளமைட் என்ற சேர்வை புரோகிபிற்றினில் ஒட்டி, ராப்-1 சங்கிலியை நிறுத்துகிறது என்று 2012 இல் காட்டினார்கள். அக்லையா வேப்ப மரத்தின் குடும்பம். இதைச் சொன்னதும் ஒருவர் வேப்பங் கொழுந்தை அரைக்கத் தொடங்கிவிடுவார் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். குடும்பம் ஒன்றாக இருந்தால் சேர்வையும் ஒன்றாக இருக்கும் என்று இல்லை. ரொக்கக்ளமைட் அக்லையாவின் சொத்து. அதுவும் புரோகிபிற்றினை மட்டும் தொடுவதில்லை. புரத உற்பத்தியைத் தொடக்கிவைக்கும் ஈஐஎப்-4ஏ என்ற நொதியத்தையும் ஆர்என்ஏயோடு சேர்த்து இறுக்கிவிடுகிறது. புற்றுக்கலம் சாவது எதனால் என்று பிரித்துச் சொல்வதே அதனால் சிரமமாகிறது.

இன்றைக்குப் புரோகிபிற்றினைக் குறிவைத்து நோயாளிக்குக் கொடுக்க அனுமதிக்கப்பட்ட மருந்து ஒன்றும் இல்லை. பாமசியில் இதைக் கூட்டித் தருவதாக எதையாவது நீட்டினால் வாங்க வேண்டாம். தமொக்சிபென் குடிப்பவர், கீமோ ஏற்றுபவர் தன்னிச்சையாக மூலிகைக் குளிசை சேர்த்துக்கொண்டால் ஈரல் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். இருக்கிற மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறவோ இறங்கவோ கூடும். என்ன குடிக்கிறீர்கள் என்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை.

ஆய்வுகூடங்களில் இப்போது நடக்கும் வேலை இன்னும் நுணுக்கமானது. புளோரிசொலின் என்ற செயற்கைச் சேர்வை புரோகிபிற்றின்களில் ஒட்டிப் புற்றுக்கலங்களைத் திட்டமிட்ட கலச்சாவுக்குத் தள்ளுவது தெரியும். கடற்பிராணி ஒன்றிலிருந்து எடுத்த ஓரிலைட் புரோகிபிற்றின்-1 இல் ஒட்டி, இழைமணிக்குள் ஓபிஏ-1 ஐ வெட்டச் செய்வதும் தெரியும். மணி வடிவத் தொகுதியின் அமைப்பு இப்போது கையில் இருப்பதால், எந்தச் சேர்வை அதன் எந்தப் பக்கத்தில் போய்ப் பொருந்துகிறது என்று பார்க்கலாம். கலமென்சவ்வில் நிற்கும் புரோகிபிற்றினை மட்டும் பிடித்து, இழைமணிக்குள் நிற்பதைத் தொடாமல் விடும் ஒரு மூலக்கூறு கிடைத்தால், புற்றுக்கலத்தின் சங்கிலி நிற்கும், இதயத்திலும் மூளையிலும் மடிப்புகள் அப்படியே இருக்கும். தொகுஷிமாவின் பெப்ரைட் காட்டியது போல, புரதத்தின் வேலையை நிறுத்தாமல், தப்பான இடத்தில் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிடியை விடுவிப்பது இன்னொரு வழி. என்னைக் கேட்டால் இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பிக்-3 மார்பகப் புற்றுக்கலங்களில்தான் மிகுந்து கிடக்கிறது. ஆரோக்கியமான கலங்களுக்கு அதனால் வரும் இடைஞ்சல் குறைவாக இருக்கும்.